சிவப்பு நூல்

இன்று மாலை மகள் வரைபடத்தின் மீது ஒரு சிவப்பு நூலை வட்டமாக வைத்தாள்; 91 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அளந்து வெட்டிய அந்த நூலுக்குள் கடலூரும் புதுச்சேரியும், இடையிலுள்ள முள்ளோடை எல்லையோடு சேர்ந்து, அடங்கிவிட்டன.

ஜெனீவா அருகே, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் செர்ன் இயற்பியல் ஆய்வகம் திட்டமிடும் அடுத்த துகள் முடுக்கியின் அளவு அது; அணுவினும் நுண்ணிய துகள்களை வளையத்தில் வேகமாகச் சுற்றவிட்டு மோதவைக்கும் எந்திரம்.

ஒரே நாட்டின் பணத்தாலோ அறிவாலோ ஆகிற காரியமல்ல. அங்கே இன்றுள்ள 27 கிலோமீட்டர் முடுக்கி வளையத்தின் கனத்த காந்தங்களைத் துல்லியமாகத் தாங்கி நிற்கும் ஜாக்கிகள் இந்தியாவில் செய்யப்பட்டவை. 2017 முதல் நாம் அங்கே இணை உறுப்பினர். அடுத்ததன் வடிவமைப்பிலும் தொடக்கத்திலிருந்தே நம்மவர்கள் இருக்க வேண்டும் என மனமார விரும்புகிறேன்.

ஒப்புதல் கிடைத்தாலும் 2040களின் இறுதியில்தான் இயங்கும் என்றேன். "அப்போது எனக்கு 35 வயதிருக்கும் அப்பா" என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னாள்.

நூலை இன்னும் எடுக்கவில்லை.