கூடவே இருந்த அக்கா

மூத்தவள் பிறந்த இரவில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "என் கணவர் எப்போது உள்ளே வருவார்?" திரைச்சீலைக்குப் பின்னால் தனியாகப் படுத்திருந்தேன். தாதியர் வந்தார்கள், பரிசோதித்தார்கள், போனார்கள். ஒவ்வொருவருக்கும் கவனிக்க இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தனிமை என்னைவிட்டுப் போக மூன்று வருடம் பிடித்தது.

இரண்டாவது முறை கருவுற்றதும், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு பெண், டூலா எனப்படும் பிரசவத் துணையாளரைப் பற்றிச் சொன்னார். டூலா மருத்துவச்சி அல்லர். உள்பரிசோதனை செய்யமாட்டார், மருந்து தரமாட்டார், குழந்தையை ஏந்தமாட்டார். வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை அருகிலேயே இருப்பதுதான் அவர் வேலை. அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "முதுகு தேய்க்கக் காசு கொடுத்து ஆளா?" என்றார். என் கணவர் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைத் தேடிப் படித்துவிட்டு வந்தார். 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகள் அவை. இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்குச் சிசேரியன் குறைவாம். அத்தை மறுத்துப் பேசவில்லை, சம்மதிக்கவும் இல்லை.

பிரசவ அறைக்குள் எத்தனை பேரை விடுவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஒருவருக்குத்தான் அனுமதி. நாங்கள் ஏழாம் மாதமே மருத்துவரிடம் பேசி, டூலாவுக்கும் சேர்த்து அனுமதி வாங்கினோம்.

இரவு 10 மணிக்கு வலி எடுத்தது. நள்ளிரவில் டூலா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரை அப்படித்தான் அழைத்தேன். வந்ததும் அவர் என்னைத் தொடவில்லை. என் கணவரைப் பின்னால் மண்டியிடச் சொல்லி, அவருடைய உள்ளங்கையின் அடிப்பாகத்தை என் முதுகெலும்பு முடியும் இடத்தில் பதியவைத்தார். வலி ஏறும்போது அழுத்த வேண்டும், இறங்கும்போது தளர்த்த வேண்டும். "பயப்படாமல் அழுத்துங்கள், தம்பி." முதல் பிரசவத்தில் வெளியே நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர், அன்று என் மூச்சை வைத்தே அடுத்த வலி வருவதைக் கண்டுகொண்டார். இதற்காகவே அக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

காலையில் மருத்துவமனையில் பார்த்தபோது கருப்பை வாய் 4 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. அழுதுவிட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்படி பிரசவ வலியின் தீவிரக் கட்டமே 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்று அக்கா நினைவுபடுத்தினார். "நீ எங்கும் பின்தங்கிவிடவில்லை, அம்மா."

9 மணிக்கு மருத்துவர், வலியைக் கூட்ட மருந்து ஏற்றலாம் என்றார். அக்கா எனக்காகப் பதில் சொல்லவில்லை. காதருகே குனிந்து, "கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்றார். குழந்தையின் இதயத்துடிப்பு எப்படி இருக்கிறது, ஒரு மணி நேரம் பொறுக்கலாமா என்று நானே கேட்டேன். துடிப்பு சீராக இருந்ததால் மருத்துவர் ஒப்புக்கொண்டார். 10 மணிக்கு மருந்து ஏற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஏன் என்று தெரிந்து, நான் சரி என்று சொன்ன பிறகு ஏற்றினார்கள்.

நண்பகலில் மகன் பிறந்தான். அவன் முதல் பாலைக் குடித்து முடிக்கும்வரை அக்கா இருந்தார்.

ஐந்தாம் நாள் எங்களைப் பார்க்க வந்தார். பத்தியச் சமையலில் இருந்த அத்தை அவரை அடுப்படிக்கே அழைத்துப்போனார். தோட்டப்புறத்தில் தமக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டி எப்படி இடுப்பை அழுத்துவார் என்று, அக்காவைத் திருப்பி நிறுத்திக் காட்டினார். உள்ளங்கை பதிந்தது அதே இடத்தில். புறப்படும்போது ஒரு டப்பாவில் பூண்டுக் குழம்பு ஊற்றி, இறுக மூடி, அக்காவின் கையில் கொடுத்தார்.