பெயறிங் மாற்ற ஒன்றரை மணித்தியாலம், பூட்டுப் போட இரண்டு நாள்

சுன்னாகம் பக்கத்தில் ஒரு மில். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அரைக்கிற 10 குதிரைவலுச் சம்மட்டி மெசின், ஸ்ரார் டெல்ரா ஸ்ராட்டர் (மோட்டரை இரண்டு கட்டமாக ஓடவைப்பது), 40 மில்லிமீற்றர் சாவ்ற் (சுற்றும் தண்டு), இரண்டு பக்கமும் யூசிபி 208 பெயறிங். புலி, அதாவது பெல்ற் ஓடும் சில்லு, இருக்கிற பக்கத்துப் பெயறிங் இரைச்சல் போடத் தொடங்கியிருந்தது. கழற்றி மாற்றும் வேலை ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஆனால் அந்த மெசினை ஒருவரும் ஓடவைக்க முடியாதபடி பூட்டுவதற்கு இரண்டு நாள் போனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"நிப்பாட்டியாச்சு தம்பி, கழட்டுங்கோ" என்றார் மில்கார அண்ணை. அவர் அமத்தியது ஸ்ராட்டரின் சிவப்புப் பொத்தானை. அது ஸ்ராட்டருக்குள் இருக்கிற கொன்ராக்டர் என்ற காந்தச் சுவிச்சின் கொயிலுக்குப் போகும் கறண்டை மட்டும்தான் வெட்டும். கொன்ராக்டரின் மேல் முனைகளில் 400 வோல்ற் அப்படியே நிற்கும். பச்சைப் பொத்தான் இருப்பது முன்பக்கம், சாமான் நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில். மெசின் உள்ளறையில். மிளகாய் கொண்டு வந்தவர் அவசரப்படுத்தினால் பொடியன் அதை அமத்திவிடுவான், உள்ளே யாருடைய கை இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே சுவிச் பனலுக்குப் போய், மெசினுக்கு வரும் கறண்டையே வெட்டுகிற ஐசோலேற்றர் சுவிச்சுகளில் "மில் 2" என்று எழுதியிருந்ததைத் திருப்பினோம். பெல்ற் காப்பைக் கழற்றுவதற்கு முன்னர், எல்லாரையும் விலக்கிவிட்டுப் பச்சைப் பொத்தானை அமத்தினோம். மெசின் ஓடியது.

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. மூன்றாவது மெசின் வாங்கியபோது வயர்களை இடம் மாற்றியவர் பெயர்களை மாற்றவில்லை. எங்கள் மெசினுக்குரியது "மில் 3" என்று எழுதியிருந்த ஐசோலேற்றர். பனலில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம். ஓஃப் செய்தபின் ஸ்ராட்டை அமத்திப் பாருங்கள், ஓடவில்லையென்றால் மறக்காமல் ஸ்ரொப்பையும் அமத்திவிடுங்கள். இரண்டு நிலைப் பிடி உள்ள ஸ்ராட்டரென்றால் பிடியை ஓஃப் பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் கறண்ட் திரும்பும்போது அது தானாகவே எழும்பும். தண்ணீர் மோட்டர்களில் மிதவைச் சுவிச் இருந்தால் பொத்தான் சோதனையால் பயனே இல்லை. தொட்டியில் நீர் குறைந்ததும் மோட்டர் தானாக ஓடும்.

ஓடவில்லை என்பதால் கறண்ட் இல்லை என்றும் ஆகாது. மோட்டருக்குப் பாரம் கூடினால் வெட்டுகிற ஓவர்லோட் ரிலே விழுந்திருந்தாலும் மெசின் ஓடாது. கடல் காற்றில் துருப்பிடித்த பழைய ஐசோலேற்றர்களில் பிடி ஓஃப் காட்டினாலும் மூன்று பேஸ் வயர்களில் ஒன்றின் தொடுப்பு உள்ளே ஒட்டிக்கொண்டு நிற்கலாம். நியோன் ரெஸ்ரரை மட்டும் நம்பினால் போதாது. வெயிலில் அதன் வெளிச்சம் தெரியாது, இறப்பர் செருப்போடு பலகையில் நின்றால் மங்கிவிடும். இரண்டு முனை உள்ள வோல்ற் ரெஸ்ரர்தான் வேண்டும். முதலில் கறண்ட் இருப்பது நிச்சயமான ஒரு பிளக்கில் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு பேஸுக்குப் பேஸ் மூன்று முறை, பேஸுக்கு ஏர்த் மூன்று முறை அளந்து பாருங்கள். கடைசியில் திரும்பவும் அதே பிளக்கில் பாருங்கள், ஏனென்றால் நடுவில் ரெஸ்ரரே பழுதாகியிருக்கலாம். ஸ்ரார் டெல்ரா மோட்டரில் ஆறு முனை உண்டு, ஆறையும் ரெஸ்ரரால் தொட்டுப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஐசோலேற்றருக்குப் பின்னால் மோட்டர் வீணாக இழுக்கும் கறண்டைக் குறைக்கிற பவர் ஃபக்டர் கப்பாசிற்றரும் இருந்தது. மெயினை வெட்டினாலும் அதற்குள் 565 வோல்ற் வரை தேங்கி நிற்கும். நல்ல நிலையில் உள்ளதென்றால் உள்ளிருக்கும் ரெசிஸ்ரர் மூன்று நிமிடத்துக்குள் அதை 75 வோல்ற்றுக்குக் கீழே இறக்கவேண்டும். ரெசிஸ்ரர் எரிந்துபோயிருந்தால் வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. ஐந்து நிமிடம் விட்டு அளந்து பார்த்த பிறகுதான் கை வைத்தோம்.

இனிப் பூட்டு. கையோடு கொண்டுபோன பெரிய ஆமைப்பூட்டின் வளைகம்பி 10 மில்லிமீற்றர், ஐசோலேற்றர் பிடியின் துளையோ 7 மில்லிமீற்றர். அன்றைய நாள் அதோடு போயிற்று. புறப்படுவதற்கு முன் துளையை அளந்து கேட்டிருக்கவேண்டும். 6 மில்லிமீற்றர் வளைகம்பி உள்ள பூட்டென்றால் பெரும்பாலான பிடிகளுக்குள் போகும். யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஹாட்வெயார் கடையில் அப்படி இரண்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றின் திறப்பு மற்றதையும் திறந்தது. மலிவுப் பூட்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது. திரும்பப் போய் மாற்றவேண்டியதாயிற்று. கடையிலேயே ஒன்றின் திறப்பை மற்றதில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பிடியில் ஒரே ஒரு துளைதான், வேலை செய்தவர்களோ இரண்டு பேர். பல பூட்டுப் போடுகிற ஆறு துளைக் கவ்வி இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து பஸ் பார்சலில்தான் எடுப்பித்தோம். அது வரும் வரை காத்திருந்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். மெசினில் கை வைக்கிற ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, தனித் திறப்பு, திறப்பு அவரவர் சட்டைப்பையில். "ஒரு திறப்பை என்னட்டைத் தாங்கோ" என்று அண்ணை இரண்டு முறை கேட்டார். கொடுக்கவில்லை. மேசை லாச்சிக்குள் ஒரு திறப்பு இருக்கிறதென்றால் அந்தப் பூட்டு ஒருவரையும் காப்பாற்றாது. ஐசோலேற்றரே இல்லாத பழைய மில்லென்றால் மூன்று ஃபியூஸ் பிடிகளையும் கழற்றி உங்களோடு வைத்திருங்கள், ஃபியூஸ் பெட்டியின் மூடியையும் பூட்டுங்கள்.

ஜெனரேற்றர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மின்சார சபை மீற்றரோடு உள்ள மெயினை மட்டும் பூட்டிவிட்டு வேலை செய்தால், கறண்ட் போன நேரத்தில் யாராவது சேஞ்ச் ஓவரை (மெயினிலிருந்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சுவிச்சை) திருப்பினவுடன் மெசின் உயிர்பெறும். பூட்டு விழவேண்டிய இடம் சேஞ்ச் ஓவருக்குப் பிறகு, மெசினுக்குக் கிட்ட. தானியங்கி ஜெனரேற்றரென்றால் அதன் பற்றறியின் மைனஸ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

கறண்ட் போனாலும் ரோட்டர் உடனே நிற்காது. இந்த மெசின் மூன்று நிமிடத்துக்கு மேல் சுற்றியது. நின்ற பிறகும் சம்மட்டிகளின் பாரம் ஒரு பக்கம் சரிந்தால் ரோட்டர் தானாகப் புரளும், புலிக்கும் பெல்ற்றுக்கும் இடையில் விரல் இருந்தால் துண்டாகிவிடும். பனங்கட்டை ஆப்பு ஒன்றை ரோட்டருக்கும் கூட்டுக்கும் இடையில் இறுக்கினோம். பெல்ற்றைக் கையால் உருட்டிக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மோட்டரின் நாலு நட்டையும் தளர்த்தி, மோட்டரை முன்னால் தள்ளினால் பெல்ற் தானாகத் தொங்கும்.

பெயறிங் மாற்றியதில் சொல்வதற்கு அதிகமில்லை. சாவ்ற்றில் பழைய ஸ்குறூ கிளப்பிய பிசிறை அரத்தால் தேய்த்தோம், புதியது வழுக்கிக்கொண்டு ஏறியது. பெல்ற் பூட்டும்போது புலிகளுக்கு இடையே 600 மில்லிமீற்றர் இருந்தது, நடுவில் விரலால் அமத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் இறங்கும்படி இழுத்தோம். இதைவிட இறுக்கினால் புதிய பெயறிங்கும் விரைவில் போய்விடும்.

காப்பைத் திரும்பப் போடாமல் "ஓட்டிப் பாப்பம்" என்று அண்ணை அவசரப்பட்டார். பெல்ற்றுக்கும் புலிக்கும் காப்பு வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. காப்பைப் பூட்டி, ஸ்பனர்களை எண்ணி, ஆப்பை வெளியே எடுத்து, ஆட்களை விலக்கிய பிறகுதான் அவரவர் தன் பூட்டைத் திறந்தார். வயரில் கை வைத்திருந்தால் சுற்றும் திசையையும் பார்க்கவேண்டும், இரண்டு பேஸ் மாறினால் மெசின் மறுபக்கம் சுற்றும். அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிப்பாட்டி, ஐசோலேற்றரையும் திருப்பிய பிறகு பெயறிங்கைத் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடுதான்.

புறப்படும் முன் பனலில் இருந்த மூன்று பெயர்களையும் சுரண்டி, ஒவ்வொரு மெசினாக ஓட்டிப் பார்த்துப் பெயின்ரால் புதிதாக எழுதினோம். கவ்வியை அண்ணை தானே வாங்கிப் பனலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் தொங்கவிட்டார்.