பட்டா இல்லாத டீக்கடைக்கு இழப்பீடு கேட்ட கதை

தக்கலைப் பக்கம் ரோட்டோரப் புறம்போக்கில் சித்தி இருபது வருஷமாக டீக்கடை வைத்திருந்தார். ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தவர்கள் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் குறி போட்டார்கள். "பட்டா இல்லைன்னா ஒண்ணும் கிடைக்காது" என்றார்கள். சித்தி நம்பிவிட்டார். நானும்தான்.

வேலை ஒரு பன்னாட்டு வளர்ச்சி வங்கியின் கடனில் நடக்கிறது என்று பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் தேடினேன். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி இரண்டின் கொள்கையிலும் இது தெளிவாக இருக்கிறது: நிலம் சொந்தமில்லாவிட்டாலும், கணக்கெடுப்புக்கு முன்பே அங்கே இருந்தவருக்குக் கட்டடத்துக்கு இழப்பீடு உண்டு. பழைய கட்டடம் என்று தேய்மானம் கழிக்கக் கூடாது. புதிதாகக் கட்ட ஆகும் செலவைத் தர வேண்டும். இடம் இழப்பவர்களுக்கு என்ன தர வேண்டும் என்று சொல்லும் மறுகுடியமர்வுத் திட்ட அறிக்கை வங்கியின் இணையதளத்திலேயே இருந்தது. அதன் பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரு வரி: டீக்கடை, ஓட்டுக்கூரை. வாசித்துக் காட்டியதும் சித்தி அழுதுவிட்டார்.

உள்ளூர்க் குறைதீர் குழுவுக்கு மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. சரி, திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களின் புகாரை வாங்கும் வங்கியின் பொறுப்புடைமைப் பிரிவுக்கே எழுதுவோம் என்று முடிவு செய்தோம். இப்படியொரு வாசல் திறக்க நம் நாட்டு மக்கள் பட்ட பாடு பெரிய காரணம். சர்தார் சரோவர் அணையை எதிர்த்து நர்மதைக் கரை மக்கள் போராடிய பிறகுதான், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்க 1993-ல் உலக வங்கி தன் ஆய்வுக்குழுவை அமைத்தது.

புகாரில் குறைந்தது இரண்டு பேராவது சேர வேண்டும். பக்கத்து டெய்லர் கடை அண்ணாச்சி, "நமக்கு எதுக்கு மக்கா வம்பு" என்று தயங்கினார். பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கேட்கலாம் என்றதும் கையெழுத்துப் போட்டார். தமிழிலேயே எழுதி அனுப்பினோம்.

அங்கேதான் தவறினோம். வங்கியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் பிரிவிடம் முதலில் முறையிட்டிருக்க வேண்டுமாம். புகாரை அவர்களுக்கே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் எழுதுவதாக இருந்தால் முதலில் அந்தப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். எங்கள் பழைய மனுவின் நகல்தான் பிறகு கைகொடுத்தது.

சில வாரங்களில் இரண்டு பேர் வந்து ஓடு, மரச்சட்டம், அடுப்புத் திண்டு வரை அளந்தார்கள். சித்திக்கும் அண்ணாச்சிக்கும் கட்டடத்துக்கான பணம் வந்துவிட்டது. கடை மூடிக்கிடந்த நாட்களின் வருமானத்துக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். போன வாரக் கடிதத்தை அண்ணாச்சியே எழுதினார்.