பைப்பைத் தாங்கினால் போதாது, பிடிக்கவும் வேண்டும்

வயரை உள்ளே கொண்டுபோகிற உலோகக் குழாய், அதாவது மெட்டல் கான்ட்யூட்டுக்கு எத்தனை அடிக்கு ஒரு கிளாம்ப் என்று அமெரிக்க வேலைகளில் இருக்கிற யாரைக் கேட்டாலும், யோசிக்காமல் "பத்து அடிக்கு ஒன்று" என்பார்கள். தப்பில்லை. ஆனால் அது பாதி விதிதான். மீதிப் பாதியை விட்டுவிட்டுத்தான் டிராயிங் போடுகிறோம், பைப் அடிக்கிறோம், கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

அந்த நாட்டு எலக்ட்ரிக்கல் கோட் என்.இ.சி. முதலில் வந்தது 1897-ல், இப்போது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிறார்கள். மெல்லிய சுவர் கொண்ட இ.எம்.டி. பைப்புக்கு 358ஆம் பிரிவு. அதில் இரண்டு கட்டளைகள் சேர்ந்தே வருகின்றன. பைப்பை 10 அடிக்கு மிகாத இடைவெளியில் இறுகப் பிடிக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு பாக்ஸ், கேபினெட், எல்.பி. மாதிரியான கான்ட்யூட் பாடி (பைப் ஓட்டத்தின் நடுவே வருகிற, மூடி போட்ட இணைப்புத் துண்டு), சுருக்கமாக பைப் எங்கெல்லாம் போய் முடிகிறதோ அங்கிருந்து 3 அடிக்குள்ளும் பிடிக்க வேண்டும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸுக்கு நேராக 24 அடி இ.எம்.டி. போகிறது. பத்து அடிக் கணக்கு மட்டும் மனசில் இருக்கிறவர் 10-லும் 20-லும் கிளாம்ப் அடிப்பார். இந்தப் பக்கம் பாக்ஸிலிருந்து முதல் கிளாம்ப் 10 அடி தள்ளி, அந்தப் பக்கம் கடைசிக் கிளாம்ப் 4 அடி தள்ளி. இரண்டு முனையுமே ஃபெயில். சரியாக அடிக்க வேண்டுமென்றால் 3-ல் ஒன்று, 21-ல் ஒன்று, நடுவில் மிச்சம் 18 அடி இருப்பதால் 12-ல் ஒன்று. மூன்று கிளாம்ப், வேலை முடிந்தது. முனைகளை முதலில் முடித்துவிட்டு நடுவை அப்புறம் பங்கிடுங்கள். இந்த வரிசையில் யோசித்தால் தப்பு வரவே வராது.

முனையில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. வயரை மூடுவது மட்டும் பைப்பின் வேலை இல்லை. இ.எம்.டி.யையும், கனமான ரிஜிட் பைப்பையும், இரண்டுக்கும் நடுவிலான ஐ.எம்.சி.யையும் எர்த் கண்டக்டராகவே பயன்படுத்த 250ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பல வேலைகளில் உள்ளே தனியாகப் பச்சை வயரே இருக்காது, பைப்தான் எர்த். இப்போது பாக்ஸில் இருக்கிற செட் ஸ்க்ரூ கனெக்டரை நினைத்துப் பாருங்கள். ஒரு சின்ன திருகின் முனை மெல்லிய குழாயை அழுத்திப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் கிளாம்ப் இல்லாமல் பைப் தொங்கினால் அதன் எடை, வயர் இழுக்கும்போது வருகிற குலுக்கல், பக்கத்து மோட்டாரின் அதிர்வு எல்லாம் அந்தத் திருகின் தலையில்தான் இறங்கும். நாளாக ஆக திருகு தளரும், குழாய் கனெக்டரிலிருந்து மெல்ல நழுவும். லைட் எரியும், மோட்டார் ஓடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. என்றைக்காவது உள்ளே லைவ் வயர் பைப்பின் உலோகத்தில் பட்டால், ஃபால்ட் கரண்ட் திரும்பிப் போக நல்ல பாதை இல்லாமல் பிரேக்கர் விழாது, பைப்பும் பாக்ஸும் கரண்டோடு நிற்கும். அந்த 3 அடி விதியை ஒரு உயிர்காக்கும் விதியாகத்தான் நான் பார்க்கிறேன்.

இதிலேயே ஒரு தப்பான நம்பிக்கையும் உலவுகிறது. கப்ளிங்குக்கும் 3 அடிக்குள் கிளாம்ப் வேண்டும் என்று சில ஃபோர்மேன்கள் அடித்துச் சொல்வார்கள். கோடில் அப்படி இல்லை. கப்ளிங் என்பது பைப் முடிகிற இடம் இல்லை, இரண்டு துண்டு சேருகிற இடம். கூடுதலாக ஒன்று அடிக்க ஆசைப்பட்டால் தாராளமாக அடிக்கலாம், ஆனால் அதைக் கோட் கேட்கிறது என்று சொல்லிப் பையன்களைக் குழப்ப வேண்டாம்.

3 அடிக்குள் பிடிக்க இடமே இல்லையென்றால்? ஸ்டீல் கட்டடங்களில் உத்திரங்கள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவில் காற்றுதான். அதற்கு 5 அடி வரை சலுகை உண்டு. இ.எம்.டி.க்கு ஒரு நிபந்தனை: அந்தத் துண்டு கப்ளிங் இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான், நடுவில் ஒரு இணைப்பு இருந்தால் பளு அதன்மேல் ஏறும். ரிஜிட் பைப்புக்கு இந்த நிபந்தனை இல்லை.

ரிஜிட் பைப்புக்கு 344ஆம் பிரிவு. எனக்குப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் தாங்குவதும் பிடிப்பதும் வேறு வேறு வேலை என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும். முனையிலிருந்து 3 அடிக்குள் இறுகப் பிடி என்கிறது, அது இ.எம்.டி. மாதிரியே. ஆனால் நடுவில் 10 அடிக்கு ஒரு முறை தாங்கினால் போதும் என்கிறது. ஸ்ட்ரட் சேனல் என்கிற உலோகச் சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டு அதன்மேல் பைப்பை வைத்தால் அது தாங்குதல். அதன்மேல் ஸ்ட்ராப் போட்டு இறுக்கினால்தான் பிடித்தல். ஆக, இப்படித் தொங்குகிற ஒரே சட்டத்தில் (டிரபீஸ் என்பார்கள்) பக்கத்துப் பக்கத்தில் ரிஜிட்டும் இ.எம்.டி.யும் போனால், நடுவழியில் ரிஜிட் சும்மா உட்கார்ந்திருக்கலாம், இ.எம்.டி.க்கு ஸ்ட்ராப் கட்டாயம். சைட்டில் எல்லாவற்றுக்கும் ஸ்ட்ராப் போட்டுவிடுவதே நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டிராயிங் சரிபார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ரிஜிட்டுக்கு ஒரு அட்டவணையும் இருக்கிறது. நேரான ஓட்டமாக இருந்து, கப்ளிங்குகள் எல்லாம் மரை போட்டவையாக இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம்: அரை, முக்கால் அங்குலத்துக்கு அதே 10 அடி, ஒரு அங்குலத்துக்கு 12, ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் 14, இரண்டுக்கும் இரண்டரைக்கும் 16, மூன்றும் அதற்கு மேலும் 20 அடி. பெரிய பைப்புக்கு இடைவெளி கூடுகிறதே, எடை அதிகமாயிற்றே என்று தோன்றும். எடை அதிகம்தான், நாலு அங்குல ஸ்டீல் ரிஜிட் அடிக்கு ஏறத்தாழ பத்து பவுண்டு. ஆனால் விட்டம் கூடக் கூட வளையாமல் நிற்கிற பலம் எடையைவிட வேகமாகக் கூடுகிறது. அப்படியும் பைப் கொஞ்சம் தொய்ந்தால் அந்த இழுவை முனைக்குப் போய்ச் சேராதபடி சப்போர்ட் இருக்க வேண்டும் என்று கோட் சேர்த்தே சொல்கிறது. இந்தச் சலுகையை இ.எம்.டி.க்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. நாலு அங்குல இ.எம்.டி.யாக இருந்தாலும் 10 அடிதான்.

வளைகிற மெட்டல் கான்ட்யூட் தனிக் கதை. முனையிலிருந்து 12 அங்குலத்துக்குள், பிறகு நாலரை அடிக்கு ஒன்று. மோட்டார் மாதிரி ஆடுகிற இடத்துக்கும் சீலிங்கில் லைட்டுக்கு இறங்குகிற துண்டுக்கும் விலக்கு உண்டு.

எதில் பிடிக்கிறோம் என்பதும் விதிதான். ஃபால்ஸ் சீலிங்கைத் தாங்குகிற கம்பியில் பைப்பைக் கட்டக் கூடாது. தனிக் கம்பி போடலாம், ஆனால் அது சீலிங் கம்பியிலிருந்து வேறுபட்டது என்று நிறத்தாலோ டேகாலோ தெரிய வேண்டும். ஒரு பைப்பில் இன்னொரு பைப்பையோ டேட்டா கேபிளையோ டை போட்டுத் தொங்கவிடக் கூடாது. இதை மீறாத சைட்டை நான் பார்த்ததே இல்லை, பெரும்பாலும் நமக்குப் பின்னால் வருகிற நெட்வொர்க் ஆட்கள் செய்வது. கான்கிரீட்டில் துளை போட்டு மரக்கட்டை அடித்து அதில் ஸ்க்ரூ ஏற்றுவதற்கும் வெளிப்படையான தடை இருக்கிறது.

பைப்பே பாக்ஸைத் தாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உள்ளே ஸ்விட்ச் மாதிரி எதுவும் இல்லாத, 100 கன அங்குலத்துக்கு மிகாத பாக்ஸ் என்றால் தாங்கலாம். மரையுள்ள இரண்டு பைப்பாவது ரென்ச் போட்டு இறுக்கியிருக்க வேண்டும், இரண்டும் 3 அடிக்குள் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பைப்பும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் 18 அங்குலம். இ.எம்.டி.யில் மரை கிடையாது, எனவே அதில் பாக்ஸைத் தொங்கவிடுகிற பேச்சுக்கே இடமில்லை.

கணினியில் மாடல் போடுகிறவர்களுக்கு ஒன்று. ஹாங்கர் (பைப்பைத் தொங்கவிட்டுத் தாங்குகிற பிடி) இடைவெளி 10 அடி என்று மட்டும் கொடுத்தால் மென்பொருள் பத்து பத்தாக வைத்துக்கொண்டே போகும், பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்காது. ஒவ்வொரு ஓட்டத்திலும் பாக்ஸிலிருந்து முதல் ஹாங்கருக்கு உள்ள அளவைத் தனியாக எழுதிக் கொடுங்கள். ஏணியில் நிற்கிறவருக்கு அந்த ஒரு அளவுதான் வேண்டும். வேலை நடக்கிற ஊர் எந்த வருஷத்துப் பதிப்பை ஏற்றிருக்கிறது, மேலே என்ன சேர்த்திருக்கிறது என்பதையும் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிகாகோ மாதிரி ஊர்களில் வீட்டுக்குள்ளேயே கான்ட்யூட் கேட்பார்கள்.