ஓரத்தில் நின்றவரின் பிளிட்ஸ்

அமெரிக்கன் ஃபுட்பாலில் நடுவில் முட்டி மோதும் லைன்மேன் கோட்டை விட்டால், பெரும்பாலும் அது மறுநாள் வீடியோவில்தான் தெரியவரும். பாஸ் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரைக் காவல் காக்க ஓரத்தில் நிற்கும் கார்னர்பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ஓரடி பிந்தினால் ரிசீவர் பந்தோடு பறந்துவிடுவார். அரங்கம் முழுக்க அதைப் பார்க்கும். அந்த ஓரத்தில் டிக் லெபோ 14 சீசன்கள் நின்றார். அதன் பிறகு 45 சீசன்கள் பயிற்சியாளராக இருந்தார். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட 'ஸோன் பிளிட்ஸ்' என்ற தடுப்பாட்ட முறையை ஒரு கார்னர்பேக்கின் அச்சத்திலிருந்து பிறந்ததாகவே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒஹாயோ மாநிலத்தில் லண்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. லெபோ 1937-இல் அங்கே பிறந்தார். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1959-இல், 5-ஆம் சுற்றில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரை எடுத்தது. பயிற்சி முகாமிலேயே கழற்றியும் விட்டது. டெட்ராய்ட் லயன்ஸ் சேர்த்துக்கொண்டது. 1972 வரை அங்கேயே ஆடி 62 இன்டர்செப்ஷன் எடுத்தார், அதாவது எதிரணி எறிந்த பந்தை 62 முறை இடைமறித்துப் பிடித்தார். 62-ஐ விட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு எண்: தொடர்ச்சியாக 171 ஆட்டங்கள். கணுக்கால் பிசகாமல், தொடைத்தசை பிடிக்காமல் ஒரு கார்னர்பேக் அத்தனை ஆட்டம் இறங்குவது லேசான காரியமல்ல.

அந்த வேலையில் கண்ணுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பந்து கிளம்புமுன் ரிசீவர் ஓரக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். கோட்டை ஒட்டி நின்றால் வெளிப்பக்கம் ஓட இடமில்லை, உள்ளே வெட்டத்தான் வாய்ப்பு அதிகம். உள்ளே நெருங்கி நின்றால் வெளியே ஓட இடம் வைத்துக்கொண்டிருக்கிறார். 7, 8 யார்டு தள்ளி நிற்கும் கார்னர்பேக் முதல் சில அடிகளுக்கு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கால்களைப் பார்ப்பார். அவர் மூன்று எட்டு பின்வாங்கி நின்றுவிட்டால் பந்து உடனே வரும், குட்டையாக வரும், அங்கேயே பாயலாம். மேலும் பின்வாங்கினால் கண்ணை உடனே ரிசீவரின் இடுப்புக்குத் திருப்ப வேண்டும். தோளும் தலையும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். குவார்ட்டர்பேக்கை ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பார்கள். ரிசீவர் நிற்பதுபோல் பாவனை காட்டிவிட்டு மறுபடி கிளம்பியிருப்பார்.

எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கார்னர்பேக்கின் ஆயுள் ஏறத்தாழ மூன்று நொடி. அதற்குள் குவார்ட்டர்பேக்கை நெருக்கிப் பந்தை எறிய வைக்கவேண்டியது முன்வரிசையின் பொறுப்பு. நெருக்க ஆள் போதாமல் கூடுதலாக ஆட்களை அனுப்புவதுதான் பிளிட்ஸ். பழைய பிளிட்ஸில் ஒரு கொடுமை உண்டு. ஆறு, ஏழு பேர் முன்னே பாய்ந்தால் பின்னே மிஞ்சுபவர்கள் ஆளுக்கு ஆள் காவல் நிற்க வேண்டும். துணைக்கு யாரும் வரமாட்டார்கள். பாய்ந்தவர்கள் அரை நொடி பிந்தினால் பழி ஓரத்தில் நிற்பவர் தலையில்தான் விடியும்.

1973-இல் ஆட்டத்தை விட்டதும் லெபோ ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் ஸ்பெஷல் டீம், அதாவது உதைப்பு ஆட்டங்களுக்கான குழுவின், பயிற்சியாளரானார். வெளியாட்களுக்கு இது சில்லறை வேலையாகத் தெரியும். ஆனால் புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்கள், ஒரு நாளில் கிடைப்பது சில நிமிடங்கள், அதற்குள் உதைப்பு, திருப்பி ஓடுதல், தடுப்பு எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். சுருங்கச் சொல்லக் கற்காதவர் அங்கே நிலைக்க முடியாது. ஆட்டக்காரர் பயிற்சியாளராகும்போது வழக்கமாகத் தடுக்கி விழுவதும் சொல்வதில்தான். தன் காலுக்குத் தெரிந்தது வாயில் வராது. 'அந்த நேரத்தில் தானாகத் தெரியும்' என்பார். 22 வயதுப் பையனுக்கு அது தெரியாது. எத்தனை யார்டு தள்ளி நிற்பது, எந்தக் கால் முன்னே, எந்த அடியில் எங்கே பார்ப்பது என்று அளந்து கொடுத்தால்தான் அவனுக்குப் பிடிபடும்.

கிரீன் பே பேக்கர்ஸில் நான்கு ஆண்டுகள் பின்வரிசைக்குப் பயிற்சி கொடுத்த பின், 1980-இல் சின்சினாட்டி பெங்கால்ஸுக்குப் போனார். 1984-இல் அங்கே தடுப்பாட்டம் முழுவதற்கும் பொறுப்பேற்றார். அது பயிற்சியாளர் பில் வால்ஷின் சான் ஃபிரான்சிஸ்கோ அணி குட்டைப் பாஸ்களால் எல்லோரையும் திணறடித்த காலம். சும்மா நின்றால் பந்து சுளுவாகப் போய்ச் சேர்ந்தது; பிளிட்ஸ் அனுப்பினால் பின்னால் காலியான இடத்துக்குப் போனது. முன்பு மயாமியில் தடுப்பாட்டத்தை வடிவமைத்த பில் ஆர்ன்ஸ்பார்கரைச் சந்தித்து லெபோ யோசனை கேட்டார். அவரிடமிருந்து கொண்டுவந்த எண்ணம், ஆபத்தில்லாத நெருக்கடி. பாய்வதும் வேண்டும், பின்னால் ஆளும் வேண்டும்.

இதுதான் ஸோன் பிளிட்ஸ்: பின்னால் நிற்பவர்கள் ஆளுக்கு ஆள் காவல் நிற்காமல், ஆளுக்கொரு இடத்தை (ஸோன்) காப்பார்கள். அது வேலை செய்யும் விதம் இது. முன்வரிசையில் மூன்று லைன்மேன், அவர்களை ஒட்டியும் பின்னாலும் நான்கு லைன்பேக்கர் நிற்கும் அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். பாய்பவர்கள் ஐந்து பேர்: முன்வரிசையின் வலது முனையில் நிற்கும் வலது எண்டு, நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள், வலப்பக்கத்து லைன்பேக்கர் இருவர், இடது வெளி லைன்பேக்கர். இடது எண்டு பாயாமல் பின்வாங்குவார். அவரோடு இடது உள் லைன்பேக்கரும், கடைசிக் காவலர்களான சேஃப்டிகள் இருவரில் ஒருவரான ஸ்டிராங் சேஃப்டியும் சேர்ந்து மூன்று பேர் குட்டைப் பாஸுக்குக் காவல். இரண்டு கார்னர்பேக்கும் ஃப்ரீ சேஃப்டியும் ஆழத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். ஆளுக்குப் பதினெட்டு யார்டு வரும்.

கணக்கை மட்டும் பார்த்தால் எதிரணிக்கு வெற்றி. பாய்வது ஐந்து பேர், தடுக்க ஐந்து லைன்மேன், கூட, வழக்கமாகப் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஒருவர். ஆனால் ஒருவரைத் தடுக்கத் தயாராகக் குந்தியிருந்த கார்டுக்கு (எதிரணி லைன்மேன்களில் ஒருவர்) எதிரே ஆளே இல்லை, அந்த ஆள் பின்வாங்கிவிட்டார். மறுபக்கம் இருவர் நிற்கும் இடத்தில் மூவர் வந்து விழுகிறார்கள். குவார்ட்டர்பேக்கும் ஏமாறுவார். பிளிட்ஸ் வந்த திசையில் இடம் காலி என்று பழக்கத்தால் எறிவார். அங்கே 130 கிலோ எடையில் ஒரு லைன்மேன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

இதைப் பிசகில்லாமல் ஆட வைப்பதுதான் சிரமம். பின்வாங்க வேண்டிய எண்டு முதலில் ஓரடி முன்னே வைத்து, எதிரே இருப்பவரை இரு கையாலும் ஒரு தள்ளு தள்ள வேண்டும். அப்போதுதான் அந்த ஆள் தன்னைத் தடுப்பதில் மாட்டிக்கொள்வார். அதன் பின் கண்ணை உள்ளே நிற்கும் ரிசீவர் மேல் வைத்து 5, 6 யார்டு பின்வாங்க வேண்டும். அவசரக்காரர்கள் தரையில் ஊன்றிய கையில் பாரம் வைக்கமாட்டார்கள். விரல் நிறம் பார்த்தே எதிரணியின் அனுபவமுள்ள டேக்கிள் (ஓரத்து லைன்மேன்) விஷயத்தைச் சொல்லிவிடுவார். வலது எண்டின் வேலை உள்ளே சாய்ந்து கார்டைப் பிடித்து வைப்பது. அவர் நேராக ஓடினால் பின்னால் வரும் லைன்பேக்கருக்கு வழி திறக்காது, இருவரும் ஒரே சந்தில் முட்டிக்கொள்வார்கள். கடைசி ஓரத்தில் பாய்பவர் ஆசைப்பட்டு உள்ளே புகுந்தால் குவார்ட்டர்பேக் அவர் விட்ட வழியாகவே ஓடிவிடுவார்.

பின்பக்கத்தில் பெரிய ஓட்டை, நான்கு ரிசீவர்கள் ஒரே நேரத்தில் நேராக ஆழத்துக்கு ஓடுவது. ஆழத்தில் காவல் மூன்று பேர்தானே! உள்ளே ஓடுபவரைச் சேஃப்டி கூடவே கொண்டுபோக வேண்டும். தன் இடம் இதுதான் என்று நின்றுவிட்டால் 20 யார்டு போச்சு. ஓரத்தில் எறியும் 4 யார்டு பாஸை வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் பிடித்தவரை அதே இடத்தில் சாய்த்தாக வேண்டும். ஆளைச் சாய்க்கத் தெரியாத கார்னர்பேக்குக்கு இந்த முறையில் இடமில்லை.

லெபோவின் கீழ் உச்சம் 2008 பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். 16 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 223 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 237.2 யார்டு, இரண்டிலும் லீகிலேயே குறைவு. டிராய் போலமாலு என்ற சேஃப்டிக்குப் பந்து கிளம்பும்வரை எங்கே வேண்டுமானாலும் உலாவ அனுமதி இருந்தது. அந்த சீசனின் இறுதியாட்டமான சூப்பர் பௌலில், முதல் பாதி முடியும் நேரம், அரிசோனா கோல்கோட்டை நெருங்கி நின்றது. பிட்ஸ்பர்க் லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசன் பாய வேண்டும் என்பதுதான் உத்தரவு. அவர் பாய்வதுபோல் காட்டிவிட்டுத் தானாகவே பின்வாங்கி, அரிசோனா குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரின் பாஸைப் பிடித்து, எதிர்க் கோல்கோடு வரை 100 யார்டு ஓடினார். அரிசோனா எடுக்கவிருந்த 7 புள்ளி போய், பிட்ஸ்பர்க்குக்கு 7 வந்தது; 14 புள்ளி வித்தியாசம் என்று சொன்னாலும் தகும். ஆட்டம் முடிந்தபோது 27-23. உத்தரவை மீறியவர்தான், ஆனால் மீறிய விதம் அந்த முறைக்குள்ளேயே இருந்தது.

தலைமைப் பயிற்சியாளராக அவர் தோற்றார். 2000-இல் சீசன் நடுவே பெங்கால்ஸ் பொறுப்பு கைக்கு வந்தது. 2002 முடிய 12 வெற்றி, 33 தோல்வி. தடுப்பாட்டத்தை வரைவது ஒரு தொழில். ஆள் சேர்ப்பு, தாக்குதல், குவார்ட்டர்பேக் பிரச்சினை, பத்திரிகையாளர் சந்திப்பு எல்லாவற்றையும் சுமப்பது வேறு தொழில். மறு ஆண்டே அவர் பஃபலோவில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பலருக்குக் கௌரவம் இடம் கொடுத்திருக்காது.

ஸோன் பிளிட்ஸுக்கும் வயதானது. நான்கு, ஐந்து ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தி, இரண்டு நொடிக்குள் பந்தை விட்டுவிடும் அணிகளிடம், பிளிட்ஸ் போய்ச் சேரும்போது அங்கே பந்து இல்லை. பின்வாங்கிய லைன்மேன் எதிரே குட்டையான வேகக்காரர் ஒருவர் ஓடுவார். 2013 நவம்பரில் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து, லெபோவின் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 55 புள்ளியும் 610 யார்டும் எடுத்தது. பயிற்சி நேரமும் சுருங்கியிருந்தது: ஆட்டக்காரர்களோடு லீக் செய்த 2011 ஒப்பந்தப்படி சீசனில் முழுக் கவசத்தோடு 14 பயிற்சிகள் மட்டுமே. பதினொருவர் ஒரே தாளத்தில் நகர வேண்டிய முறைக்கு இது போதாது. புதியவர்களை லெபோ எளிதில் இறக்கமாட்டார் என்ற புகாருக்குக் காரணமும் இதுவே என்று நினைக்கிறேன்.

2010-இல் அமெரிக்கன் ஃபுட்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது, அதுவும் ஆட்டக்காரராக. 2015 முதல் டென்னசி டைட்டன்ஸில் இருந்தவர், தன் 80-ஆவது வயதில், 2018 ஜனவரியில் வெளியேறினார். அங்கே புதிய தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் மைக் வ்ரேபல். அவரும் 14 சீசன்கள் தடுப்பாட்டம் ஆடிவிட்டு வந்த லைன்பேக்கர்தான்.