சோளகமும் வாடையும் ஒரு நீத்துப்பெட்டியும்

தென்காசியில் வளர்ந்தவர்களுக்கு ஆனி பிறந்தால் கண் தானாக மேற்கே போகும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், பின்னாலேயே சாரல் வரும். ஆறு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு ஆனி மாதத்தில்தான் கல்யாணமாகி யாழ்ப்பாணம் அராலிக்கு வந்தேன். வந்த மறுநாளே காற்று எழுந்தது. அதே தென்மேற்குக் காற்று. முற்றத்தில் போய் நின்று மழைக்காகக் காத்திருந்தேன்.

"அது சோளகம், பிள்ளை. மழை கொண்டு வராது. உள்ளுக்கு வாரும், கண்ணுக்கை மண் விழப்போகுது" என்று மாமி கூப்பிட்டார்.

இலங்கையின் தென்மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, வடக்கே வரும்போது அந்தக் காற்று காய்ந்து போயிருக்கும். ஊரில் எனக்கு மழையைச் சொன்ன காற்று இங்கே புழுதியை அள்ளிப் போட்டது. அன்றைக்கு அழுதேன். மொழி ஒன்றுதான், கோயிலும் சாப்பாடும் பெரிய தூரமில்லை, அதனால் எல்லாம் சுலபமாக இருக்கும் என்று நினைத்து வந்தவள் நான். காற்றுகூட வேறாக இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

கணவர் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார். மாமிதான் என்னைச் சாயந்தர நடைக்கு அழைத்துப் போனார். கல்லுண்டாய் வெளிப் பக்கம் போனால் ஒரு புறம் கடல்நீரேரி, மறுபுறம் கண்ணுக்கு எட்டின மட்டும் வெளி. மலையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அவ்வளவு பெரிய வானம் முதலில் பயமாக இருந்தது. எதில் கண்ணை நிறுத்துவது என்றே தெரியாது. மாமி பனைகளைக் காட்டுவார். எங்கள் பக்கமும் பனை உண்டு, ஆனால் நாங்கள் பதநீர் என்பதை இவர்கள் கருப்பணி என்கிறார்கள், கருப்பட்டி பனங்கட்டி ஆகிவிடுகிறது. ஆடிப்பிறப்பன்று அந்தப் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் பயறும் போட்டுக் காய்ச்சிய கூழைப் பலா இலையைக் கோலிக் குடிக்கத் தந்தார்கள். ஆடி என்றால் குற்றாலம் என்றிருந்த எனக்கு, அன்று முதல் ஆடி என்றால் அந்தக் கூழும்தான்.

ஆவணியில் பனம்பழம் விழும் சத்தம் இரவில் கேட்கும். பழத்தைப் பிசைந்து பணியாரம் சுடுவார்கள், களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்துப் பினாட்டு ஆக்குவார்கள். விதையையும் விடமாட்டார்கள்: மண்ணைக் கூட்டிப் பாத்தி போட்டு அடுக்கி வைப்பார்கள், தையில் கிழங்கு கிண்டலாம். ஒரே மரம் மாதத்துக்கொரு முகம் காட்டும். இந்த ஊருக்குப் பருவமே இல்லை, வெயில் மட்டும்தான் என்று அம்மாவிடம் போனில் சொன்னது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஐப்பசி. இங்கே வருடத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் பெய்து முடிந்துவிடும். மற்ற மாதங்களில் ஆறு என்று தேடினால் கிடைக்காத இந்த மண்ணில் வழுக்கையாறு உயிர் பெற்று, எங்கள் அராலியில் வந்து கடலைத் தொடும். பெய்கிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போகிறது. அதனால் மழையை யாரும் தொந்தரவாகப் பேசுவதில்லை. கார்த்திகையில் வேலியோரம் செங்காந்தள் பூத்துக் கிடந்தது. "கார்த்திகைப்பூ" என்றார் மாமி. தமிழ்நாட்டின் மாநில மலர் அது. பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி, கொடியில் பூத்து நான் பார்த்தது இங்கேதான்.

நடக்க முடியாத அந்த மழை நாட்களில்தான் ஓலை என் கைக்கு வந்தது. மாமி வெயில் காலத்திலேயே சார்வோலை, அதாவது இளம் பனையோலை, காயவைத்துக் கட்டி வைத்திருந்தார். சத்தகம் என்கிற சிறு கத்தியால் ஓலையை ஒரே அகலத்துக்கு வார்வதே முதல் பாடம். ஒரு வாரம் அதை மட்டும் செய்தேன். பின்னல் ஏறுவதற்கு முன் ஓலையைக் கொஞ்சம் நனைக்க வேண்டும். காய்ந்தால் முறியும், ஈரம் கூடினால் இழைத்து முடித்தபின் தளர்ந்துவிடும். "அவசரப்படாதையும், மழை எங்கையும் போகாது" என்பார் மாமி. ஓட்டில் மழை விழ, மண்ணெண்ணெய் அடுப்பில் தேத்தண்ணி கொதிக்க, இரண்டு பேரும் பேசாமல் இழைத்துக்கொண்டிருந்த சாயந்தரங்களில் எனக்கு ஊர் ஞாபகம் வரவே இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்த நாட்கள் குறைவு.

மார்கழியில் வாடைக்காற்று. அது வந்தால் ஊரே நிமிர்ந்து பார்க்கும், ஏனென்றால் பட்டம் ஏறும். விண் என்கிற, காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நார் பூட்டிய பட்டங்கள் இரவெல்லாம் மேலே நின்று கூவும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் நடக்கிற பட்டப் போட்டிக்குக் கட்டாயம் போய்விடுவோம். நீரேரியில் பூநாரைகள் வருவதும் இந்தக் குளிர் மாதங்களில்தான். கோடியக்கரையிலும் இதே பூநாரைகள் இறங்கும் என்று அப்பா சொல்வார். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் கால் வைக்கிற பறவை அது. விடிகாலைப் பனியில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவற்றைப் பார்க்க நடப்பதுதான் வருடத்திலேயே எனக்குப் பிடித்த நடை. "தைப்பனி தரையைத் துளைக்கும்" என்ற பழமொழி எங்கள் ஊரிலும் உண்டு. அதன் அர்த்தம் இங்கே காலில் தெரிந்தது.

போன தையில் கிழங்கு கிண்டிய வாரத்தில் என் முதல் நீத்துப்பெட்டியை முடித்தேன். பானை வாயில் கூம்பாக உட்கார்ந்து பிட்டு அவிக்கிற பெட்டி. பாயும் தட்டையான பெட்டியும் பழகியபின்தான் மாமி அதைத் தொடவிட்டார், கூம்பு குவிகிற இடத்தில் கை பழகாதவர்களுக்குப் பின்னல் பிசகும். காலையில் மாவைக் குழைத்து அதில்தான் பிட்டு வைத்தார். கவிழ்த்தபோது ஒரு பக்கம் ஆவி கசிந்து மா வேகாமல் வெள்ளையாக இருந்தது. மாமி எதுவும் சொல்லவில்லை. வெந்த பக்கத்தை எனக்கும் தன் மகனுக்கும் வைத்துவிட்டு, மற்றதை மறுபடி ஆவியில் ஏற்றித் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்துப் பெட்டியை வெயிலில் திருப்பி வைத்தபடி கேட்டார், "அடுத்ததுக்கு ஓலை வெட்டச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ மாமி" என்றேன்.