தூத்துக்குடியில் மழை பெய்யுமா?

கடலோர ஊர்தானே, நல்ல மழை இருக்குமே என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போது சிரிப்புதான் வரும். ஜூன், ஜூலையில் கேரளம் நனைந்துகொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மழையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, எங்களுக்குக் காய்ந்த காற்றை மட்டும் அனுப்பும். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் அந்தக் காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான்.

எங்கள் ஊர் ருசியெல்லாம் இந்த வறட்சி போட்ட பிச்சை என்பேன். உப்பளத்தில் போர் போட்டு எடுத்த உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, வாரி அம்பாரமாகக் குவிப்பார்கள். மழைக்காலத்தில் அதன்மேல் பனையோலையோ தார்ப்பாயோ போட்டு மூடுவார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, எங்களுக்கு ஒரு வருஷத்துக்கே அவ்வளவு பெய்வதில்லை. அதற்கு எந்த ஓலை தாங்கும்?

தேரி மணலில் நெல்லுக்கு வழியில்லை, பனை நிற்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கள்ளாகப் புளிக்காமல் பதநீராக இறங்கும். அதைக் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசாக ஒரு கரிப்பு இருக்கும். வெறும் இனிப்பாக இருந்தால் 'சீனி சேர்த்திருக்கான்' என்று ஆச்சி தள்ளி வைத்துவிடுவாள். உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆச்சிக்கு அதெல்லாம் கணக்கில்லை, ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுப் பார்த்தால்தான் வாங்குவாள்.

அப்புறம் மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். மைதா கிடையாது. பல் பட்டதும் மொறுமொறுவென்று உடைந்து, மறு நொடி சீனி கரைந்து, முந்திரித் தூள் மட்டும் நாக்கில் நிற்கும். இதற்கும் மழை ஆகாது. கார்த்திகை மாதம் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிடும். ஊருக்கு வருகிறவர்கள் பங்குனி, சித்திரையில் வாங்கிப் போங்கள்.

ஆனால் சித்திரையில் வந்தால் மீன் விலையைப் பார்த்து மிரளாதீர்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் மீன். சீலா கிலோ என்ன விலை என்று கேட்கவே யோசிப்போம். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் கருவாடுதான். மாங்காய் வேறு மலிவாகக் கிடைக்கும் காலம். நெத்திலிக் கருவாட்டோடு புளியைக் குறைத்து, மாங்காய் போட்டு வைக்கிற குழம்புக்குச் சீலாவே பக்கத்தில் வர முடியாது என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.